கவுன்ட்டர் மூடிய பிறகு: தாம்பரத்தை முன்வைத்து இணையச் சார்பு பற்றிய விவாதங்கள்

தொழில்நுட்பத்தை நாம் பயன்படுத்துகிறோமா, அது இல்லாமல் ஒரு நாளும் நகராது என்ற நிலைக்கு வந்துவிட்டோமா? இந்தக் கேள்வி செல்போனோடு பிறந்ததல்ல. எழுத்து வந்தால் மனிதர்கள் நினைவாற்றலை இழந்துவிடுவார்கள் என்ற கவலையைப் பிளேட்டோ தம் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் ஓர் எகிப்திய அரசரின் வாயிலாகப் பேச வைத்தார். 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் காந்தி எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' ரயிலையும் இயந்திரங்களையும் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் இ.எம்.ஃபார்ஸ்டர், மனிதரின் எல்லாத் தேவைகளையும் ஒரே இயந்திரம் நிறைவேற்றும் உலகத்தையும், அது நின்றுபோகும் நாளையும் சிறுகதையாக எழுதினார்.

தமிழ்நாட்டில் இதற்கு நேரெதிராக ஒலித்த குரல் பெரியாருடையது. 1940-களில் வெளிவந்த 'இனிவரும் உலகம்' என்ற உரையில், ஆளுக்கொரு கம்பியில்லாத் தொடர்புக் கருவி வரும், தொலைவில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். மனிதர் தலையில் இருக்கும் வேலைச் சுமையை இயந்திரங்கள் இறக்கிவைக்கும் என்ற நம்பிக்கை அந்த உரை முழுவதும் ஓடுகிறது. இன்று நம்மிடையே நடக்கும் வாதங்கள் பலவும் காந்தி, பெரியார் என்ற இந்த இரு கரைகளுக்கு இடையேதான் ஓடுகின்றன.

இக்கட்டுரை அந்த வாதங்களைத் தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரிலும் வைத்துப் பார்க்க முயல்கிறது. 2015, 2016, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போன பகுதி இது. சார்பு என்பது பேச்சளவில் நில்லாமல் மக்களின் அனுபவமாகவே சோதிக்கப்பட்ட இடம்.

ரயிலால் வளர்ந்த ஊர்

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்மயத் தடம் அதுதான். குரோம்பேட்டையும் பல்லாவரமும் சேலையூரும் பெருங்களத்தூரும் குடியிருப்புகளாகப் பெருகியதற்கு அந்த ஒற்றைத் தடம் பெரும் காரணம். நகரத்தில் வேலை, இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி வீடு என்ற வாழ்க்கையே மின்சாரத்தில் ஓடும் ஒரு வண்டியை நம்பி அமைந்தது. 1984-ல் வந்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸும், பின்னர் பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்த மென்பொருள் நிறுவனங்களும் இந்தப் புறநகரைக் கணினித் தொழிலோடு பிணைத்தன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஆகவே, இங்குள்ளவர்கள் ஏதோ நேற்றுவரை தன்னிறைவாக வாழ்ந்து இன்று திடீரெனக் கருவிகளுக்கு அடிமையானார்கள் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரு சார்பின் மேல் இன்னொரு சார்பு அடுக்கப்பட்டது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அந்த அடுக்கு எப்படி ஏறுகிறது என்பதற்கு டிக்கெட் ஒன்றே போதும். காகிதமில்லா முன்பதிவற்ற டிக்கெட்டை ரயில்வே 2015 ஏப்ரல் 22 அன்று அறிமுகப்படுத்தியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த தடம் எழும்பூர்–தாம்பரம். அதற்கான யுடிஎஸ் செயலியில் டிக்கெட் எடுக்க, பயணி நிலையத்துக்கு வெளியே, தண்டவாளத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. பரிசோதகரைக் கண்ட பிறகு அவசரமாக டிக்கெட் போடுவதைத் தடுக்க இந்த விதி. செயலி அதை ஜிபிஎஸ் மூலம் சரிபார்த்தது. நடைமேடைக்கு வந்துவிட்டு நினைவு வந்தால் திரும்பி வெளியே நடக்க வேண்டியிருந்தது. இந்தச் சிரமத்துக்காகப் பின்னாளில் நிலையத்துக்குள்ளேயே க்யூஆர் கோடுகள் ஒட்டப்பட்டன. சார்ஜ் போய் டிக்கெட்டைப் போனில் காட்ட முடியாவிட்டால், அது டிக்கெட் இல்லாப் பயணமாகவே கருதப்படும்.

காலை எட்டரை மணிக்கு நீளும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால், பத்து ரூபாய் பயணத்துக்கு முன்பு ஒரு கவுன்ட்டரும் சில்லறையும் போதுமாக இருந்தன. இப்போது போன், சார்ஜ், சிக்னல், ஜிபிஎஸ், வங்கிக் கணக்கு, வங்கியின் சர்வர் ஆகிய ஆறும் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது. கவுன்ட்டரும் தானியங்கி இயந்திரமும் பக்கத்திலேயே இருக்கும்வரை இதில் குறை காண வேண்டியதில்லை. எல்லோரும் செயலிக்கு மாறும்போது கவுன்ட்டரை வைத்திருக்கும் செலவு வீண் என்று நிர்வாகத்துக்குத் தோன்றத் தொடங்குவதில்தான் சிக்கல் பிறக்கிறது.

பழக்கமா, நோயா?

பொதுவெளியில் அதிகம் கேட்கும் வாதம் அடிமைத்தனம் பற்றியது. அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1990-களின் பிற்பகுதியில் 'இணைய அடிமைத்தனம்' என்ற கருத்தை முன்வைத்தார். சூதாட்ட அடிமைத்தனத்தை அளக்கும் கேள்விகளை இணையத்துக்கு ஏற்ப மாற்றியதுதான் அவரது முறை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு, இணைய விளையாட்டுக் கோளாறை 'மேலும் ஆராய வேண்டியவை' என்ற பகுதியில் மட்டுமே வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது, விளையாட்டுக் கோளாறு அதில் நோயாகவே இடம்பெற்றது. பொதுவான இணையப் பயன்பாடு இடம்பெறவில்லை. இந்த வேறுபாடு நம் ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் தொலைந்துபோகிறது. இதற்கிடையே, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2014-ல் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது.

இளைஞர்கள் மீதான தாக்கம் இன்னும் முடியாத வழக்கு. அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஹைட் 2024-ல் வெளியிட்ட நூலில், ஸ்மார்ட்போன் ஒரு தலைமுறையின் மனநலத்தையே சிதைத்துவிட்டதாக வாதிட்டார். ஆனால் ஆய்வாளர்கள் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019-ல் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பதின்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களின் நலவாழ்வில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கும் பங்கு 0.4 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்றனர். சராசரியில் சிறிதாகத் தெரிவது ஒரு சிலருக்குப் பேரிடியாக இருக்கக்கூடும் என்று எதிர்த்தரப்பு பதில் சொல்கிறது. இரு தரப்பும் ஆராய்ந்தது பெரும்பாலும் மேலை நாட்டுப் பிள்ளைகளை. மூன்று பேர் ஒரே போனைப் பகிரும் வீட்டுக்கு அந்த முடிவுகள் எந்த அளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி.

தமிழ்நாடு ஒரு விஷயத்தில் இந்த விவாதத்தைக் கடந்து சட்டத்துக்குப் போனது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், நீதிபதி கே.சந்துரு குழு 2022-ல் அறிக்கை அளித்தது. அதே ஆண்டு அவசரச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025-ல் மாநில அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டுக்குத் தடை விதித்து விதிகள் கொண்டுவந்தது. ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

இந்த நெடும் போராட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்று ஆடுபவரிடம் சொல்வதை நிறுத்தி, ஆட்டத்தை வடிவமைத்தவரிடம் அரசு கேள்வி கேட்டது. அடிமைத்தன வாதத்தின் பலவீனத்தை அதுவே காட்டுகிறது. அந்த வாதம் சார்பை ஆளின் குணமாகப் பார்க்கிறது, மணிக்கணக்கில் அளக்கிறது. இரவு முழுக்க ரீல்ஸ் பார்ப்பவரும், முதியோர் உதவித்தொகை வந்ததா என்று பார்க்க ஓடிபிக்காகக் காத்திருப்பவரும் அதன் கணக்கில் ஒரே திரையைப் பார்ப்பவர்கள்தான். முதலாமவர் போனைக் கீழே வைக்கலாம். இரண்டாமவரால் வைக்க முடியாது.

வெறும் கருவிதான் என்ற வாதம்

இரண்டாம் தரப்பு, எல்லாப் புதுக் கருவிகளும் இப்படித்தான் அச்சமூட்டின, பின்னர் இயல்பாகிவிட்டன என்கிறது. அமெரிக்காவில் தொலைபேசி பரவிய வரலாற்றை 1992-ல் எழுதிய கிளாட் ஃபிஷர், மக்கள் தொலைபேசியை ஏற்கெனவே இருந்த உறவுகளைப் பேணத்தான் பெரிதும் பயன்படுத்தினார்கள், அது அவர்களை வேறு மனிதர்களாக மாற்றிவிடவில்லை என்று காட்டினார். சென்னையில் தொலைபேசி இணைப்பகம் 1882-லேயே வந்துவிட்டது, 2013-ல் தந்தி நின்றது, வாழ்க்கை நிற்கவில்லை. மெய்யியலாளர்கள் ஆண்டி கிளார்க்கும் டேவிட் சாமர்ஸும் 1998-ல் இன்னும் ஒரு படி மேலே சென்று, குறிப்பேடு போன்ற கருவிகள் மனதின் நீட்சியாகவே இயங்கக்கூடும் என்றனர்.

இதற்கு எதிராக அடிக்கடி காட்டப்படுவது பெட்ஸி ஸ்பேரோ குழுவின் 2011 ஆய்வு. கணினியில் தேடிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் மனிதர்கள் செய்தியை நினைவில் வைப்பதில்லை என்றது அது. அதன் ஒரு சோதனையை 2018-ல் வேறொரு குழு மீண்டும் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே 'கூகுள் மூளையை மழுக்குகிறது' என்று அடித்துச் சொல்வதற்கான சான்று இன்னும் வலுவாக இல்லை. ஆனாலும் 'வெறும் கருவி' வாதம் ஓர் இடத்தில் சறுக்குகிறது. தந்தி நின்றபோது அதைவிட மேலான மாற்று எல்லோர் கையிலும் இருந்தது. ரேஷன் கடையில் ரேகை இயந்திரம் நின்றால் மாற்று என்ன என்பதை அரிசி வாங்க வந்தவர் தீர்மானிக்க முடியாது. வேண்டாமென்று வைத்துவிடக்கூடியதைத்தான் கருவி என்று சொல்ல முடியும்.

எட்டாதவர்களின் பக்கம்

மூன்றாம் தரப்புக்குச் சார்பு பெரிதல்ல, சமமின்மைதான் பெரிது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் பாதிக்கும் குறைவு. ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் செல்போன் கட்டுப்பாட்டை எதிர்த்து மாணவி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், இணைய அணுக்கம் கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் இணைந்தது என்று தீர்ப்பளித்தது. இந்த உரிமையின் மதிப்பு, அது பறிபோகும்போதுதான் தெரிகிறது. 2018 மே மாதத் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து அந்த மாவட்டத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது தமிழர்களுக்கு மறக்காது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இந்தத் தரப்பின் நியாயம் வெட்டவெளிச்சமானது. வசதியுள்ள தனியார் பள்ளிகள் ஆன்லைன் வகுப்புக்குப் போயின. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. அப்பா வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒரே போன் இரவில் வீடு திரும்பிய பிறகே பிள்ளையின் கைக்கு வந்த வீடுகள் ஏராளம். கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமோ செயலியை நம்பவில்லை. தெருவுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று மனிதர்களை நம்பியது.

ரேஷன் கடையில் இது வேறு வடிவம் எடுக்கிறது. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகைப் பதிவு வந்தது. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கைக்கும், சித்தாள் வேலை பார்த்த கைக்கும் 'ரேகை விழலைம்மா, துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க' என்பது பழகிப்போன வாசகம். ரேகை விழுந்தாலும் சர்வர் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஜார்க்கண்டில் ஆதார் சரிபார்ப்பின் விளைவை முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆகியோர் ஆராய்ந்தபோது, முன்னரே ஆதாரை இணைத்திராத பயனாளிகள் பெற்ற பொருள்களின் மதிப்பு சுமார் 10 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. பயனாளிகளில் அவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அட்டை எல்லோருக்கும் உண்டு என்ற நம் பொது விநியோக முறையில் பாதிப்பு இவ்வளவு இருக்காது என்று கருத இடமுண்டு. கருவிழிப் பதிவும், முதியோருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கும் வசதியும் கொண்டுவரப்பட்டன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தது.

இந்தத் தரப்பின் குறை, அது பரிந்துரைக்கும் மருந்தில் இருக்கிறது. எல்லோருக்கும் போன், எல்லோருக்கும் இணைப்பு, எல்லோருக்கும் பயிற்சி என்பது விடுபட்டவர்களை உள்ளே கொண்டுவரும். எல்லோரும் உள்ளே வந்தபின் கட்டடத்துக்கு வேறு கதவு உண்டா என்று அது கேட்பதில்லை. நடைமுறையில் தமிழ்நாட்டு அரசே அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. இ-சேவை மையங்கள் இருந்தும், 2023-ல் மகளிர் உரிமைத்தொகைக்கு வீடுதோறும் காகித விண்ணப்பம் கொடுத்து முகாம் நடத்தினார்கள். 2025-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களுக்கும் அப்படியே.

இல்லிச், குமரப்பா

நான்காம் தரப்பாக, சமூக விமர்சகர் இவான் இல்லிச் 1973-ல் வைத்த வாதம் இங்கே உதவுகிறது. ஒரு நிறுவனம் சந்தையைக் கைப்பற்றுவதைவிட ஆழமான ஏகபோகம் ஒன்று உண்டு என்றார் அவர். காருக்கு ஏற்றபடி நகரம் அமைந்தபின், நடந்துபோகும் தூரத்தில் எதுவுமே இராது. கார் வேண்டாம் என்பவருக்கும் கார் தேவைப்படும். தனிமனிதரின் விருப்பம் அங்கே பொருளற்றுப் போகிறது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி 1945-ல் எழுதிய நூலும் வேறு வழியில் இதை நெருங்குகிறது. உற்பத்தி ஓரிடத்தில் குவியும்போது கட்டுப்பாடும் அங்கேயே குவிகிறது, நுகர்பவருக்குத் தான் பயன்படுத்துவதன் மூலமே தெரியாமல் போகிறது என்பது அவர் கவலை.

கிராமக் கைத்தொழிலை மனதில் வைத்து எழுதிய குமரப்பாவை அப்படியே தாம்பரத்துக்குக் கொண்டுவர முடியாது. இணையம் ஒரு நெசவுத் தறி அல்ல. சேலையூரில் இருக்கும் பாட்டி டொராண்டோவில் இருக்கும் பேத்தியின் முகத்தைப் பார்ப்பதற்குக் கைத்தொழில் வழி ஏதும் கிடையாது. பெரியாரின் எதிர்பார்ப்பு இந்த இடத்தில் வென்றுவிட்டது, அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனாலும் சார்பைத் தனிமனிதப் பழக்கமாகப் பார்க்காமல், ஊரின் அமைப்பாகப் பார்க்கும் கண்ணை இவ்விருவரும் நமக்குத் தருகிறார்கள்.

மூன்று டிசம்பர்கள்

ஐந்தாவது தரப்பு கேட்பது மிக எளிய கேள்வி: இது நின்றுபோனால் என்ன ஆகும்? சமூகவியலாளர் சார்லஸ் பெரோ 1984-ல், உறுப்புகள் இறுக்கமாகப் பிணைந்த சிக்கலான அமைப்புகளில் சிறு கோளாறு பெருவிபத்தாவது இயல்பே என்று வாதிட்டார். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியதும், இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததும் அவர் சொன்னதற்கு அண்மைச் சான்று. இந்தப் புறநகர்ச் சான்றுகள் அதைவிட நெருக்கமானவை.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. செல்போன் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வண்டி வரச் சாலை வேண்டும். சாலை நீருக்கடியில் இருந்தது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோபுரங்கள் அணைந்தன. இணைப்பகத்துக்குள் நீர் புகாத இடங்களில் மட்டும் பழைய தரைவழித் தொலைபேசி வேலை செய்தது. செம்புக் கம்பியில் வரும் தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்தின் பேட்டரியிலிருந்தே வரும், வீட்டில் கரண்ட் தேவையில்லை. இன்று அந்தக் கம்பிகளின் இடத்துக்கு ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. வேகம் பன்மடங்கு. ஆனால் வீட்டில் கரண்ட் போனால் மோடமும் போகும், தொலைபேசியும் போகும். மேம்பாடு என்று சரியாகவே சொல்லப்படும் ஒரு மாற்றம், மழை நாளின் கடைசிப் பிடிமானம் ஒன்றை யாரும் முடிவெடுக்காமலே கைவிட்டிருக்கிறது.

அதே வெள்ளத்தில் இணையம் செய்த நன்மையும் கொஞ்சமல்ல. மூழ்கிய தெருக்களை மக்களே குறிக்கும் திறந்த வரைபடம் உருவானது. யாருக்குச் சோறு வேண்டும், எங்கே படகு இருக்கிறது என்று ட்விட்டர் வழியே இணைத்தவர்கள் பலர் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தவர்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்பது போன்ற வதந்திகளும் அதே வழியில்தான் பரவின. காகிதம் மட்டும் தாங்கியது என்றும் சொல்ல முடியாது. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வரவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அது முதல் முறை.

அடுத்த ஆண்டு வேறு பாடம் கற்றுக்கொடுத்தது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு அவை. ரொக்கமில்லாமல் கார்டுக்கும் செயலிக்கும் மாறச் சொன்னார்கள். ஐந்தே வாரத்தில், டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. புறநகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஏடிஎம் இயங்கவில்லை, ஸ்வைப்பிங் மெஷின் இயங்கவில்லை, கையில் நோட்டும் இல்லை. பால் பாக்கெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் அண்ணாச்சி கடையின் கடன் நோட்டுதான் கைகொடுத்தது. கடைக்காரருக்கு முகம் தெரிந்தவர்களுக்கு அது உதவியது. குடிவந்து சில வாரமே ஆன வாடகைக்காரருக்கு அந்த வழியும் இல்லை.

அன்று யுபிஐ பிறந்து சில மாதமே ஆகியிருந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 2,000 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. இளநீர் வண்டியிலும் பூக்கடையிலும் ஸ்கேனர் இருக்கிறது. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யுபிஐ சில மணி நேரம் முடங்கியபோது புயலும் இல்லை, மழையும் இல்லை. சாதாரண போனிலிருந்து பணம் அனுப்பும் வசதி 2022-ல் வந்தது. இணையமில்லாமல் சிறு தொகை செலுத்தும் வழிகளும் உள்ளன. ஆனால் அவை இருக்கின்றன என்பது வேறு, நெருக்கடியில் அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இருக்கிறது என்பது வேறு.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். மீண்டும் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம். மீண்டும் நாள்கணக்கில் மின்சாரமும் சிக்னலும் இல்லை. காரப்பாக்கத்தில் வீட்டில் நீர் சூழ்ந்த நிலையில், மாடியின் ஓரிடத்தில் மட்டும் கிடைத்த சிக்னலில் நடிகர் விஷ்ணு விஷால் பதிவிட்டார். மீட்புப் படகு வந்தது. அங்கிருந்த ஆமிர் கானும் மற்றவர்களும் மீட்கப்பட்டார்கள். உதவி கேட்டவர் மீதும் வந்தவர்கள் மீதும் இதில் குறை ஏதும் இல்லை. ஆனால் மாடியும் சிக்னலும் பின்தொடர்வோரும் இல்லாத தரைத்தளக் குடும்பங்களின் குரல் எந்தக் கணக்கில் பதிவானது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

அப்போது நிவாரணத் தொகை ரூ.6,000 வழங்கப்பட்ட முறை, இந்த விவாதம் முழுவதற்கும் மிக முக்கியமான சான்று என்று கருதுகிறேன். வங்கிக் கணக்கில் போடாமல், டோக்கன் கொடுத்து ரேஷன் கடைகளில் ரொக்கமாகவே அரசு வழங்கியது. கசிவுக்கும் கூட்ட நெரிசலுக்கும் இடம் கொடுக்கும் முறை என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆயினும் பொருள்கள் அடித்துச் செல்லப்பட்ட வீட்டில், கையில் நோட்டாக வந்த பணம் அன்றே ஸ்டவ்வாகவும் பாயாகவும் மாறியது. டிஜிட்டல் ஆளுமையில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், நெருக்கடியில் தெருமுனைக் கடையையும் அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியரையும் நம்பியது.

எதிர்த்திசையில் ஓடிய நாடுகளும் இப்போது திரும்பிப் பார்க்கின்றன. ரொக்கத்தை ஏறக்குறைய கைவிட்ட ஸ்வீடன், 2024-ல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிகாலக் கையேட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கச் சொன்னது. நார்வேயில் 2024 அக்டோபர் முதல் கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் உரிமையைச் சட்டம் வலுப்படுத்தியிருக்கிறது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது, பல கடைகளில் கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களால்தான் வாங்க முடிந்தது.

தீராத கேள்விகள்

இத்தரப்புகளை ஒருசேரப் பார்க்கும்போது, சார்பை நேரத்தால் அளப்பது தவறான அளவுகோல் என்ற முடிவுக்கு வரத் தோன்றுகிறது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறார் என்பதைவிட, அந்தத் திரை அணைந்தால் அவருக்கு வேறு வழி எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதே உண்மையான அளவு. இந்த அளவுகோலை ஏற்றால் சில பழைய சண்டைகள் தாமாகவே அடங்கும். காந்தியா பெரியாரா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் குறையும்.

தீராதவை வேறு இடத்தில் இருக்கின்றன. கவுன்ட்டரையும் காகிதத்தையும் ஆளையும் வைத்திருக்கும் செலவை யார் ஏற்பது? பத்தில் ஒன்பது பேர் பயன்படுத்தாத ஒன்றுக்கு வரிப்பணம் செலவாகலாமா என்ற கேள்வி நியாயமானதே. தீயணைப்பு நிலையத்துக்கு நாம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை என்ற பதிலும் நியாயமானதே. பயன்படுத்தாத திறமை எத்தனை காலம் தங்கும் என்பது இன்னொரு கேள்வி. கையால் ரசீது எழுதத் தெரிந்த கடைசி ஊழியர் ஓய்வுபெற்ற பிறகு, ரசீதுப் புத்தகம் அலமாரியில் இருந்து பயன் என்ன? இணையமில்லாக் கட்டண வழிகள் பரவினால் ரொக்கத்தின் தேவை உண்மையிலேயே குறையுமா, அல்லது அதுவும் சார்ஜ் தீரும்வரை மட்டும்தானா? இவற்றுக்கு வாதங்களால் விடை கிடைக்காது, கள ஆய்வுகள் தேவை. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் பல. மழைக்குப் பிறகான ஒவ்வொரு ஜனவரியிலும் வார்டு வார்டாகச் சென்று, யாருக்கு எந்தச் சேவை எத்தனை நாள் நின்றது, யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்ய இங்கே மாணவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சியும் மின்வாரியமும் வருவாய்த் துறையும் கூட்டம் போட்டு, மோட்டார் பம்ப் எத்தனை, படகு எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை என்று பட்டியல் எடுக்கின்றன. அந்தப் பட்டியலில் இன்னொரு வரியும் சேர வேண்டும்: மின்சாரமும் சிக்னலும் மூன்று நாள் இல்லாவிட்டால் இந்த ரேஷன் கடை, இந்த ஆரம்ப சுகாதார நிலையம், இந்த வங்கிக் கிளை எப்படி இயங்கும், யார் பொறுப்பு? அதை எழுதி ஒவ்வொரு வார்டு அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டும்படி தாம்பரம் மாநகராட்சியைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் இந்த மழைக்காலத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.